ரெண்டே முக்கால்

அவருக்குக் கடை இருக்கிறது, குடும்பம் இருக்கிறது, இன்னும் அடைந்து முடியாத வீட்டுக் கடன் இருக்கிறது. ஆனால் வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் முகத்தைப் பார்த்தால், கோடம்பாக்கத்துக்கே ஃபைனான்ஸ் பண்ணியவர் இவர்தானோ என்று தோன்றும். மதுரையில் தெருவுக்கு ஒருவராவது இப்படி உண்டு. எங்கள் தெருக்காரரை மார்க்கு அண்ணன் என்று வைத்துக்கொள்வோம்.

சினிமாவில் அவருக்குச் சொந்தக்காரர் யாரும் கிடையாது. பத்திரிகையில் எழுதுகிறவரும் இல்லை. தியேட்டர் வாசலில் மைக்கை நீட்டினால் குதித்துக் குதித்துப் பேசுகிற வயதையும் தாண்டியாயிற்று. ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். பி.வி.சி. பைப்பும் ரெண்டு எல்போவும் வாங்கப் போகிறவர், முக்கால் இஞ்சா ஒரு இஞ்சா என்று சொல்லி முடிப்பதற்குள், புதுப் படத்தில் செகண்ட் ஹாஃப் இழுவை என்கிற தகவலையும் வாங்கிக்கொண்டுதான் படியிறங்க வேண்டும். அதற்கு மட்டும் ஜி.எஸ்.டி. கிடையாது.

"அண்ணே, படம் எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். உடனே பதில் வந்துவிடாது. கையிலிருக்கும் டீ கிளாஸைக் கல்லா மேசையில் வைப்பார். கீழுதடு கொஞ்சம் முன்னால் வரும். வலது உள்ளங்கையைக் கவிழ்த்துப் பிடித்து, இந்தப் பக்கம் ஓர் ஆட்டு, அந்தப் பக்கம் ஓர் ஆட்டு. கோடி கோடியாகக் கொட்டி, ராப்பகலாக எடுத்த படம் அந்தக் கையாட்டிலேயே பாதி செத்துவிடும். அப்புறம்தான் வாய் திறக்கும்.

"ஒரு தடவ பாக்கலாம் தம்பி. ரெண்டே முக்கால்."

அஞ்சுக்கு ரெண்டே முக்கால். ரெண்டரையும் இல்லை, மூன்றும் இல்லை. அந்தக் கால் மார்க்கில்தான் அவருடைய கௌரவமே இருக்கிறது. முழு எண்ணில் மார்க் போடுவது விவரம் தெரியாதவன் செய்கிற வேலை என்பது அவர் கட்சி. இதற்கு முன்னோடி இல்லாமல் இல்லை. ஆனந்த விகடன் நூற்றுக்கு மார்க் போட்டுவந்த காலத்தில், 1977இல் '16 வயதினிலே' 62.5 வாங்கியது. பத்து வருஷம் கழித்து வந்த 'நாயக'னுக்கே 60தான். அந்த இரண்டரை மார்க் வித்தியாசத்தை வைத்துக்கொண்டு ஒரு தலைமுறையே டீக்கடைகளில் சண்டை போட்டிருக்கிறது. விகடனிலாவது விமர்சனக் குழு என்று நாலு பேர் கூடிப் பேசினார்கள். இங்கே குழு, தலைவர், செயலாளர் எல்லாம் ஒரே ஆள்.

'ஒரு தடவ பாக்கலாம்' என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ரெண்டு தடவை பார்க்கப்போகிறேன் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லையே. போகாதே என்று சொன்னால் நாளைக்குப் படம் ஓடிவிட்டால் என்ன செய்வது, போ என்று சொன்னால் நாளைக்கு நீங்கள் வந்து சட்டையைப் பிடித்தால் என்ன செய்வது, இரண்டுக்கும் பயந்து கண்டுபிடித்த சொல் அது. 'ஃபேமிலியோட பாக்கலாம்' என்றால் இடைவேளைக்கு அப்புறம் தூங்கியிருக்கிறார். 'மேக்கிங் நல்லாயிருக்கு' என்றால் கதை புரியவில்லை. 'பி.ஜி.எம்-ம எடுத்துட்டுப் பாத்தா ஒண்ணுமில்ல' என்பது அவருக்கு மிகவும் பிடித்த வாக்கியம். பி.ஜி.எம்-மை எடுத்துவிட்டு அவர் எங்கே போய்ப் பார்த்தார் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

அவருடைய அப்பாவுக்கு இந்த அரை, முக்கால் எல்லாம் பிடிக்காது. பெரியவர் தங்கம் தியேட்டர் காலத்து ஆள். 1952இல் 'பராசக்தி'யோடு திறந்த தியேட்டர். இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் உட்காரலாம். இன்று அந்த இடத்தில் ஜவுளிக்கடை. அந்த ஜனக்கடலில் உட்கார்ந்து பார்த்தவர் அகராதியில் இரண்டே தீர்ப்பு. 'ஓடும்.' 'ஓடாது.' நூறு நாளா, வெள்ளி விழாவா என்பதைத் தியேட்டர்காரன் பார்த்துக்கொள்வான். அந்தக் காலத்துப் பாட்டுப் புத்தகத்திலும் ஒரு மரியாதை இருந்தது. கதைச் சுருக்கத்தைப் பாதி தூரம் சொல்லிவிட்டு, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று நிறுத்திக்கொள்வார்கள். நம் அண்ணனுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. "சஸ்பென்ஸ நான் சொல்ல மாட்டேன் தம்பி. நீ போய்ப் பாரு. ஆனா ஒண்ணு, அந்த டாக்டர மட்டும் நம்பாத" என்பார்.

லாஜிக் விஷயத்தில் அண்ணன் கறார். கறார் என்றால் எல்லா இடத்திலும் இல்லை. ஹீரோ ஒற்றைக் கையால் நாற்பது பேரை மாடியிலிருந்து வீசினால் கண்ணிமைக்காமல் பார்ப்பார். ஆனால் மதுரையில் எடுத்த படம் என்றால் சாலைப் போக்குவரத்து அதிகாரி மாதிரி உட்கார்ந்துவிடுவார். "ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல ஓட ஆரம்பிக்கிறான். ஒரு முக்குதான் திரும்புறான். மகால்ல போயி நிக்கிறான். எப்படி? நீயே சொல்லு, எப்படி?" அதற்கு அரை மார்க் போயிற்று. படத்தில் வருகிற மதுரைப் பேச்சு தேனிப் பக்கம் சாய்ந்திருந்தால் இன்னொரு கால். மல்லிகைப் பூவைச் சித்திரை மாசத்தில் காட்டாமல் மார்கழியில் காட்டியதற்காக ஒரு காதல் படத்தையே ஃபெயிலாக்கியிருக்கிறார்.

சரி, இந்த மார்க் எப்படி விழுகிறது? பல காலம் கவனித்ததில் எனக்கு ஓரளவு பிடிபட்டுவிட்டது. படத்துக்கும் மார்க்குக்கும் சம்பந்தம் கொஞ்சம்தான். சொந்தக் காசில் 190 ரூபாய் டிக்கெட், அதன்மேல் ஆன்லைன் புக்கிங் சார்ஜ், வண்டி நிறுத்தக் காசு, இடைவேளையில் பிள்ளைகள் கேட்ட பாப்கார்ன் என்று போனால் எப்பேர்ப்பட்ட படமும் ரெண்டரையைத் தாண்டாது. மச்சான் டிக்கெட் எடுத்திருந்தால் தாராளமாக மூன்றரை. அதே படம் ஓடிடியில் வந்து, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் படுத்துக்கொண்டே பார்த்திருந்தால், "நம்ம ஆளுகளுக்குப் படம் பாக்கவே தெரியல தம்பி, என்னா படம்!" பின்சீட்டில் குழந்தை அழுதிருந்தால் சவுண்டு மிக்ஸிங் சரியில்லை. ஏ.சி. வேலை செய்யவில்லை என்றால் திரைக்கதையில் புழுக்கம்.

இது தவிர ஊர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒரு கண் வைத்திருப்பார். உசிலம்பட்டிப் பக்கம் எடுத்த 'கடைசி விவசாயி' 2022இல் வந்தபோது அண்ணன் கொடுத்தது ஒன்றே கால். "கதையே இல்ல தம்பி. ஒரு பெரியவரு செடிக்குத் தண்ணி ஊத்துறாரு. அம்புட்டுத்தேன். நம்ம தோட்டத்துக்குப் போனா இலவசமாவே பாக்கலாம்." பெரியவராக நடித்த நல்லாண்டி நிஜமான விவசாயி, படம் வெளியாவதற்கு முன்பே இறந்துபோனார். அப்புறம் தேசிய விருது அறிவித்தார்கள். சிறந்த தமிழ்ப் படம் அதுதான், நல்லாண்டிக்கும் சிறப்புக் குறிப்பு. மறுநாள் கடைக்குப் போனால் மார்க் நாலாகியிருந்தது. "நான் அன்னைக்கே சொன்னேன்ல?" என்று வேறு கேட்டார். கூட நின்ற கொத்தனார் ஆமாம் என்று தலையாட்டினார். அவருக்கு சிமெண்ட் கடனாக வேண்டியிருந்தது.

'அன்பே சிவம்' விஷயத்தில் இது ஊருக்கே வந்த வியாதி. 2003 பொங்கலுக்கு அந்தப் படமும் 'தூள்' படமும் ஒன்றாக வந்தன. கூட்டம் எந்தப் பக்கம் போனது என்று அந்த வயதுக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். இன்றைக்கு விசாரித்தால் ஒருத்தர் பாக்கியில்லாமல் 'அன்பே சிவம்' பார்த்துக் கலங்கியவர்களாகத்தான் இருக்கிறார்கள். அண்ணனும் கலங்கினாராம். "காலத்துக்கு முந்துன படம் தம்பி." முந்தின படத்தை அன்றைக்கே அடையாளம் கண்டவர், தூள் படத்துக்கு ரெண்டு தடவை போன கதையை வேறொரு நாளில் அவரே சொல்லியிருக்கிறார், நான் ஞாபகப்படுத்தவில்லை.

சினிமாக்காரர்களும் இவருக்குப் பயப்படத்தான் செய்கிறார்கள். படம் வெளியான முதல் மூன்று நாளைக்கு இணையத்தில் விமர்சனம் வரக் கூடாது என்று கேட்டு, 2024 டிசம்பரில் தயாரிப்பாளர் சங்கம் ஒன்று சென்னை உயர் நீதிமன்றத்துக்கே போனது. அப்போதைக்குத் தடை கிடைக்கவில்லை. தினசரியில் செய்தியைப் படித்துவிட்டு அண்ணன் சிரித்த சிரிப்பில் பெயின்ட் டப்பா அதிர்ந்தது. "மூணு நாளா? திங்கக்கிழமை எவனுக்குத் தம்பி விமர்சனம் வேணும்?" என்றார். உண்மையில், இணையத்தை மூடினாலும் ஹார்டுவேர் கடையை எந்தச் சட்டத்தின் கீழ் மூடுவது?

போதாக்குறைக்கு இப்போது படத்தை வெளியிட்ட பிறகு வெட்டுகிற பழக்கம் வந்திருக்கிறது. 2024இல் 'இந்தியன் 2' படத்தில் 12 நிமிஷம் எடுத்தார்கள். அதே வருஷம் 'மெய்யழக'னில் 18 நிமிஷத்துக்கும் மேல். இரண்டும் தான் சொல்லித்தான் நடந்தன என்று அண்ணன் நம்புகிறார். "லேக்குன்னு சொன்னேன்ல? வெட்டிட்டாய்ங்க பாத்தியா!" வெட்டிய படத்தை அவர் போய்ப் பார்க்கவில்லை. இருந்தாலும் பேச்சைக் கேட்டு நடந்துகொண்டதற்காகக் கால் மார்க் கூட்டிப் போட்டார். என்னைக் கேட்டால், 'மெய்யழக'னில் அந்த ராத்திரிப் பேச்சு இன்னும் அரைமணி நேரம் நீண்டிருந்தாலும் நான் உட்கார்ந்திருப்பேன். அதை அவரிடம் சொல்லவில்லை. எனக்கும் வீட்டுக்கு ஒரு மோட்டார் தேவைப்பட்டது.

இத்தனையும் சொல்லிவிட்டு அண்ணியைச் சொல்லாமல் விட்டால் பாவம் சேரும். கடையில் நாம் கேட்கிற விமர்சனத்தில் உருப்படியானது ஏதாவது இருந்தால் அது அண்ணியுடையது. படம் முடிந்து பைக்கில் வருகிற வழியில் அவர் பின்னாலிருந்து சொல்வதை, அண்ணன் மறுநாள் தமிழைக் கழற்றிவிட்டு விற்பார். சமீபத்தில் ஒரு த்ரில்லர் படம். காணாமல் போன பெண்ணைப் போலீஸ் தேடுகிறது. கதையில் மூன்று நாள் ஓடிவிட்டது. தெருவே அந்தப் படத்தைக் கொண்டாடிக்கொண்டிருந்த நேரத்தில், கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த அண்ணி தலையை நிமிர்த்தாமல் சொன்னார்:

"மூணு நாளா பொண்ணக் காணோம். அந்த அம்மா தனியா சோபாவுல உக்காந்து அழுகுது. அக்கா தங்கச்சி ஒருத்தி வரல. பக்கத்து வீட்டுக்காரி ஒரு சொம்புத் தண்ணி கொண்டாரல. சாப்டியான்னு கேக்க நாதியில்ல. எந்த ஊர்லங்க இப்படி?"

எழுதி எடுத்தவர்கள், வெட்டி ஒட்டியவர்கள், பாராட்டி எழுதியவர்கள் யாருக்கும் தோன்றாத கேள்வி. ஒரு சாவு, ஒரு காணாமல் போனது என்றால் நம் வீடுகளில் உட்கார இடம் இருக்காது என்பதை ஒரு கூட்டமே மறந்துவிட்டு ஒரு படம் எடுத்திருக்கிறது. அதற்கப்புறம் நான் அந்தப் படத்தை நினைக்கும்போதெல்லாம் அந்தச் சோபாவின் காலி இடம்தான் உறுத்துகிறது. அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? அடுத்து வந்த வாடிக்கையாளரிடம், உதட்டைப் பிதுக்கி, கையை ஆட்டி, "எமோஷனல் கனெக்ட் மிஸ்ஸிங் தம்பி. ரெண்டே முக்கால்" என்றார். அண்ணி மறுபடியும் பில் புத்தகத்தில் குனிந்துகொண்டார்.

மதுரைக்கு வந்து எந்தப் படத்துக்குப் போகலாம் என்று குழம்பினீர்கள் என்றால், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கடைக்குப் போங்கள். அண்ணன் அடுத்த படத்துக்குக் கிளம்பியிருப்பார். கல்லாவில் அண்ணி இருப்பார். மார்க் கேட்காதீர்கள், அண்ணிக்கு அந்தப் பழக்கம் இல்லை. படம் எப்படி என்று மட்டும் கேட்டுவிட்டு, ரெண்டு வாஷராவது வாங்கிக்கொள்ளுங்கள்.