பச்சைத் துணிக்கு முன்னால் புதுக்கோட்டை

கேள்வி: உலகத்தில் இத்தனை நிறம் இருக்க, பின்னணியை மாற்றுவதற்குப் பச்சையையும் நீலத்தையும் மட்டும் விடாமல் பிடித்துக்கொள்வது ஏன்? (ஆலங்குடி)

பதில்: முகம் தப்பிக்க வேண்டும் என்பதற்காக. கறுப்போ சிவப்போ மாநிறமோ, மனிதத் தோலின் அடியில் இருப்பது செம்மஞ்சள் சாயல். அதிலிருந்து தள்ளி நிற்கும் நிறங்கள் பச்சையும் நீலமும். குரோமா கீ என்பது ஒரு நிறத்தைக் காட்டி, அது இருக்கும் இடத்தையெல்லாம் கணினியை நீக்கச் சொல்லும் முறை. திரை சிவப்பாக இருந்தால் உதடும் கன்னமும் அதோடு சேர்ந்து போய்விடும். டிஜிட்டல் கேமராவில் பச்சைக்குக் கூடுதல் சலுகையும் உண்டு. சென்சாரில் நான்கு புள்ளிகள் என்றால் இரண்டு பச்சைக்கு, மற்ற இரு நிறங்களுக்கும் ஒவ்வொன்று. அதனால் பச்சையில் புள்ளிப் புள்ளியான இரைச்சல் குறைவு. பிலிம் காலத்தில் நீலம்தான் வழக்கம்.

கேள்வி: கணினியே இல்லாத காலத்தில் ஒரே ஆள் ஐந்து பேராக வந்தாராமே, எப்படி? (புதுக்கோட்டை)

பதில்: வந்தவர் இந்த ஊர்க்காரர்தான். பி.யு.சின்னப்பா 1940இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘உத்தம புத்திரன்’ படத்தில் இரட்டை வேடம் போட்டார். 1944இல் வந்த ‘ஜகதலப்பிரதாபன்’ படத்தில் பாடகரும் அவரே, பக்கவாத்தியக்காரர்களும் அவரே. இத்தகைய காட்சிகளுக்கு அக்கால வழக்கம், கேமராவை அசையாமல் பூட்டிவிட்டு லென்ஸின் ஒரு பகுதியை மறைத்து எடுப்பது. பிறகு பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, எடுத்த பகுதியை மூடி, மூடிய பகுதியைத் திறந்து மறுபடி எடுப்பார்கள். எல்லைக் கோட்டைத் தாண்டிக் கை நீட்டினால் கை பாதியில் காணாமல் போகும். ஆள் நகரும்போது மறைப்பும் கூடவே நகர வேண்டும் என்ற தேவைக்கு விடையாக வந்ததுதான் நீலத் திரை. தந்திரக் காட்சிக் கலைஞர் லாரி பட்லர் 1940இல் ‘தீஃப் ஆஃப் பாக்தாத்’ படத்தில் அதைக் கையாண்டார். அந்தப் படத்தின் தந்திரக் காட்சிகளுக்கு ஆஸ்கரும் கிடைத்தது. சின்னப்பா காலத்து முறைக்கு இன்றும் துணியே வேண்டாம். மொபைலை ஸ்டாண்டில் பூட்டி இரண்டு முறை எடுத்து, எடிட்டிங்கில் பாதிப் பாதியாக ஒட்டினால் இரட்டை வேடம் தயார்.

கேள்வி: துணிக்கடையில் எதைக் கேட்டு வாங்குவது? எத்தனை மீட்டர்? (அறந்தாங்கி)

பதில்: மினுக்காத பருத்தித் துணி. பாப்ளின் போதும், சாட்டின் கூடாது, பளபளக்கும் பாலியஸ்டரும் கூடாது. மினுக்கும் இடம் கேமராவுக்கு வெள்ளையாகத் தெரியும், அங்கே பச்சை இல்லாமல் போகும். நிறம் இலைப்பச்சையாகவோ கரும்பச்சையாகவோ இல்லாமல் கிளிப்பச்சையைவிட அழுத்தமாக, மஞ்சள் கலக்காத பளிச்சென்ற பச்சையாக இருக்க வேண்டும். உட்கார்ந்து பேசுகிறவருக்கு 58 அங்குல அகலத் துணியில் இரண்டேகால் மீட்டர் போதும். தலை முதல் கால்வரை தெரிய வேண்டும் என்றால் அதே அகலத்தில் நான்கு நான்கு மீட்டராக இரண்டு துண்டு வாங்கித் தைத்தால் ஏறக்குறைய ஒன்பதரை அடி அகலமும் பதின்மூன்று அடி நீளமும் கிடைக்கும். மிஞ்சும் நீளத்தை வளைத்துத் தரையிலும் விரிக்கலாம். மூங்கில் கழியோ பிவிசி பைப்போ கட்டி, துணி கிளிப் போட்டு இழுத்துக் கட்ட வேண்டும். இஸ்திரி போடாத துணியின் ஒவ்வொரு சுருக்கமும் ஒரு நிழல். சுவர் சும்மா இருந்தால் மினுக்காத பச்சை டிஸ்டம்பர் அடிப்பது நிரந்தர வழி. அகல்விளக்கு, பொம்மை போன்ற சிறு பொருளுக்கு ஒரு சார்ட் பேப்பர் போதும்.

கேள்வி: காசெல்லாம் கேமராவுக்கே போய்விட்டது. டியூப்லைட்டில் சமாளிக்க முடியுமா? (இலுப்பூர்)

பதில்: நன்றாகவே முடியும். குண்டு பல்பு நடுவில் பளிச்சென்றும் ஓரத்தில் மங்கலாகவும் அடிக்கும். நீளமான எல்இடி டியூப்லைட் ஒளியைப் பரப்பித் தரும். துணிக்கு இரு பக்கமும் ஒவ்வொன்றை நெட்டாக நிறுத்தி, ஆளுக்கு ஒன்றோ இரண்டோ தனியாக வைக்க வேண்டும். ஆள் துணியிலிருந்து ஆறு அடியாவது தள்ளி நிற்க வேண்டும். ஒட்டி நின்றால் நிழல் விழுந்து துணியில் இரண்டு பச்சை உண்டாகும். துணியில் பட்ட ஒளி திரும்பி வந்து தாடையிலும் கழுத்திலும் தலையில் சூடிய மல்லிகையிலும் பச்சை பூசும். வெளிச்சம் சமமா என்று பார்க்க, துணியை மட்டும் படமெடுத்துக் கருப்பு வெள்ளையாக்க வேண்டும். முழுத் துணியும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் சரி. செலவைக் கேமராவில் குறைக்கலாம், துணியில் குறைக்கலாம். சமமான வெளிச்சத்திலும் அந்த ஆறு அடியிலும் மட்டும் குறைக்கக் கூடாது.

கேள்வி: மொபைலில் எடுத்தால் தலைமுடி ஓரம் எலி கடித்ததுபோல் இருக்கிறதே? (கந்தர்வகோட்டை)

பதில்: பெரும்பாலான மொபைல்கள் வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும்போது நான்கு புள்ளிகளுக்கு ஒரே நிறத் தகவலை வைக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்தச் சிக்கனம் குரோமா கீயில் வெளிப்பட்டுவிடும். 4கே அளவில் எடுத்து 1080 அளவில் முடித்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் தனி நிறம் கிடைத்து ஓரம் தெளியும். எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ் மூன்றையும் பூட்டிவிட வேண்டும். பியூட்டி மோடை அணைக்க வேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என வைத்தால் விளக்கு மினுக்கம் பதியாது. கரகம், கும்மி போல வேகமான அசைவுக்கு 1/100 நல்லது.

கேள்வி: பள்ளி நாடகத்தில் முருகன் மயிலோடு வருகிறார். கழுத்து நீலம், தோகை பச்சை. எந்தத் துணியைக் கட்டுவது? (விராலிமலை)

பதில்: இரண்டும் ஆகாது. பச்சை கட்டினால் தோகை போகும், நீலம் கட்டினால் கழுத்து போகும். முருகனைத் தனியாகவும் மயிலைத் தனியாகவும் எடுத்து அடுக்குவதே வழி. முருகனுக்குச் சிவப்புப் பட்டு உடுத்திப் பச்சைத் துணிக்கு முன்னால் நிறுத்தலாம். மயிலை வெள்ளைச் சுவருக்கு முன் அசையாமல் எடுத்து, ஓரத்தை மாஸ்க் வரைந்து வெட்டலாம். வாழையிலை, பச்சைப் புடவை வரும் காட்சிக்கு நீலத் துணி. நீலச் சீருடைப் பிள்ளைகளுக்குப் பச்சைத் துணி. எவர்சில்வர் குடமும் பித்தளை வேலும் துணியின் நிறத்தையே காட்டும் என்பதால், அவற்றைச் சற்றுத் திருப்பி, பளபளப்பின் மேல் விபூதியை மெல்லப் பூச வேண்டும்.

கேள்வி: நார்த்தாமலைக் கோயிலைப் பின்னால் வைத்தேன், பாடகி ஒட்டிவைத்த படம் மாதிரி நிற்கிறார். ஏன்? (கீரனூர்)

பதில்: வெயிலும் விளக்கும் வேறு வேறு திசையிலிருந்து வருவதால். நார்த்தாமலையின் விஜயாலய சோழீச்சரம் மேற்கு பார்த்த கோயில். மாலையில் எடுத்த படத்தில் வெயில் கேமராவின் முதுகுப் பக்கமிருந்து முகப்பில் விழும். எனவே பாடகிக்கும் விளக்கு கேமராவை ஒட்டித் தாழ்வாக, மஞ்சள் ஒளியாக இருக்க வேண்டும். காலைப் படம் என்றால் சூரியன் கோயிலுக்குப் பின்னால் இருக்கும்; விளக்கைப் பாடகியின் தோளுக்குப் பின்னால் வைக்க வேண்டும். இரண்டு படத்துக்கும் கேமரா ஒரே உயரத்தில் இருப்பதும் அவசியம். தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடம் என்பதால் தொழில்முறைப் படப்பிடிப்புக்கு முன் அனுமதி பெற வேண்டும்.

கேள்வி: மென்பொருளுக்கு எவ்வளவு ஆகும்? ஏஐ பின்னணியைத் தானே நீக்குகிறதே, துணி எதற்கு? (பொன்னமராவதி)

பதில்: டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே குரோமா கீ வசதி இருக்கிறது, நேரலைக்கு ஓபிஎஸ் ஸ்டூடியோ, அதுவும் இலவசம். தேவையில்லாத ஓரங்களை மாஸ்க்கால் வெட்டி, பச்சையை நீக்கி, முகத்தில் படிந்த பச்சைச் சாயலைக் குறைத்து, கடைசியில் பின்னணியின் நிறத்தோடு ஆளின் நிறத்தைப் பொருத்துவது வரிசை. ஏஐ உட்கார்ந்து பேசும் வீடியோவுக்கு உதவும். விரல்கள் வேகமாக அசையும்போதும் கையில் பொருள் இருக்கும்போதும் அது தடுமாறும். துணிக்கு அந்தத் தடுமாற்றம் இல்லை.

கேள்வி: சமையல் சேனல் தொடங்கவும் பச்சைத் துணி வேண்டுமா? (மணமேல்குடி)

பதில்: வேண்டாம். இதே மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்தில் 2018இல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல் வயல்வெளியில் அடுப்பு மூட்டியே 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டது. புகையும் ஆவியும் எண்ணெய்த் தெறிப்பும் குரோமா கீயில் சரியாகப் பிரியாது. நேரில் போக முடிகிற இடத்தை நேரில் எடுப்பதே மலிவு. போக முடியாத இடத்துக்கும், கடந்துபோன காலத்துக்கும், கற்பனை உலகத்துக்கும்தான் துணி தேவை.