சுட்டுவிரலால் போகவேண்டும்

கிளிநொச்சியில் இன்றைக்குப் பரிதிவட்டம் எறியும் பிள்ளைக்குச் சீமெந்து வளையம் இருக்கிறது. அளந்த நிறையில் தட்டு இருக்கிறது. எறிவதைப் படம் பிடித்து மெதுவாக ஓட்டிப் பார்க்கக் கைத்தொலைபேசி இருக்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் எறிந்தபோது இவற்றில் ஒன்றும் இல்லை. பொருளாதாரத் தடைக்குள் சீமெந்து வருவதே அரிது. வந்ததும் வீட்டுக்கும் கிணற்றுக்கும் காணாது. நடுவில் முளை அடித்து, ஒன்றேகால் மீற்றர் கயிற்றைக் கட்டிச் சுற்றி வந்து, அந்தக் கோட்டில் அடுப்புச் சாம்பலைத் தூவினால் அதுதான் எங்கள் இரண்டரை மீற்றர் வளையம். ஒரு மழைக்குப் பிறகு திரும்பவும் கீறவேண்டும்.

அப்படியிருந்தும் எங்கள் தட்டுகள் பெரும்பாலும் ஒரே பக்கத்தில் போய் விழுந்தன. இன்றைய பிள்ளைகளின் முதல் எறி வலக்கொடிக்கு வெளியே போகிறது, அடுத்தது இடப்பக்கம் பற்றைக்குள் போகிறது, மூன்றாவது அருமையாகப் போகிறது. அவர்களுடைய உடம்பில் பலம் குறைவில்லை. எங்களைவிட உயரமான, நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகள். வித்தியாசம், தட்டு கையை விட்டுப் போகிற அந்தக் கண்ணிமைப்பொழுதில் இருக்கிறது. அதைப் பழக்குவதற்கு அன்று எங்களுக்கு நேரம் ஒதுக்கினார்கள். இன்று யாரும் ஒதுக்குவதில்லை என்பதுதான் என் கவலை.

எங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரேயொரு நல்ல தட்டு, இரும்பு விளிம்பு கழன்றுபோய் அலுமாரிக்குள் கிடந்தது. விளையாட்டுச் சேர் அதை ஊர்த் தச்சரிடம் கொண்டுபோய் அதே அளவில் முதிரையில் கடைந்து வாங்கினார். முதிரை நல்ல பாரமான மரம்தான். ஆனாலும் ஒரு கிலோவுக்கு எட்டவில்லை. வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளை உருக்கி, தட்டின் நடுவில் குழி தோண்டி ஊற்றினார்கள். அது ஆறியபிறகு அரத்தால் ராவி, கை கிழியாதபடி கண்ணாடித்தாள் போட்டுத் தேய்த்தார் தச்சர். ஓரம் தேன்நிறத்தில் மினுங்கியது.

வாங்கிய தட்டுகளில் பாரம் இப்படி நடுவில் இருப்பதில்லை. பெரும்பகுதி ஓரத்து உலோக வளையத்தில் இருக்கும். ஓரத்தில் பாரம் ஏற ஏற, தட்டைச் சுழற்றிவிடுவது கடினம். ஒருமுறை நன்றாகச் சுழன்றுவிட்டால் நெடுந்தூரம் ஆடாமல் போகும். கைதேர்ந்தவர்களுக்கு அது வரம். எங்கள் தட்டு இதற்கு நேர்மாறு. விரல் பட்டதும் சுழன்றுவிடும், ஆனால் அந்தச் சுழற்சி சீக்கிரம் தளர்ந்துவிடும். பழகத் தொடங்கும் பிள்ளைக்கு இப்படிப்பட்ட தட்டுத்தான் ஏற்றது என்று பயிற்றுநர்கள் சொல்வதைப் பல வருடங்களுக்குப் பிறகு அறிந்தேன். வேறு வழியில்லாமல் செய்த தட்டு எங்களுக்குச் சரியான தட்டாக வாய்த்திருக்கிறது.

சேர் எங்களை உடனே எறியவிடவில்லை. இரணைமடுவிலிருந்து வரும் வாய்க்கால் ஒன்றின் ஓரத்து மண்ரோட்டில் இரண்டு இரண்டு பேராக எதிரெதிரே நிறுத்தித் தட்டை உருட்டச் சொன்னார். கையைத் தொங்கவிட்டு, முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டி, நிலத்துக்குக் கிட்ட வரும்போது விடவேண்டும். கடைசியாகத் தொடுவது சுட்டுவிரலாக இருந்தால் தட்டு நிமிர்ந்தபடி சில்லுப்போல உருண்டு எதிரில் நிற்பவனின் காலடிக்குப் போகும். சுண்டுவிரல் பக்கத்தால் வழுகினால் இரண்டு முழம் ஓடிச் சரிந்து வாய்க்காலுக்குள் விழும். விழுந்தால் விட்டவன்தான் இறங்கி எடுக்கவேண்டும். தண்ணீர் நிறைந்து ஓடும் காலத்தில் அதைவிட நல்ல வாத்தியார் இல்லை.

“இறுக்கிப் பிடிக்காத தம்பி. விரல் நுனி மட்டும் விளிம்பில இருக்கட்டும். நீ சுழலேக்க தட்டு விழாது. நனைஞ்ச சவுக்காரம் வழுக்கிற மாதிரி அது தானாப் போகவேணும்” என்பார். சவர்க்காரத்துக்குத் தட்டுப்பாடாகி வீடுகளில் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்த காலம் அது. அவர் சொன்னது எங்களுக்கு உடனே விளங்கியது.

பிடி மட்டும் சரியாக இருந்தால் போதாது. வலக்கைக்காரன் இடப்பக்கமாகச் சுழல்கிறான். அப்போது தட்டும் வட்டப் பாதையில்தான் போய்க்கொண்டிருக்கிறது. விட்ட இடத்தில் அது எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசையில் பறக்கும். கொஞ்சம் முந்தி விட்டால் வலப்பக்கம் போகும். கொஞ்சம் பிந்தினால் இடப்பக்கம். இந்த நேரத்தைக் கையால் திருத்த முயன்றால் நடக்காது. முதலில் கால், பிறகு இடுப்பு, பிறகு நெஞ்சு, எல்லாவற்றுக்கும் பின்னால் நீண்டு இழுபட்டுக் கை வரவேண்டும். இடக்காலை உறுதியாக ஊன்றி அந்தப் பக்கத்தை நிறுத்தினால் கை தானாக வீசப்படும். ஒவ்வொரு முறையும் இந்த வரிசை ஒன்றாக இருந்தால் விடும் இடமும் ஒன்றாக இருக்கும். அவசரப்பட்டுக் கையை முந்தவிட்டால் ஒவ்வொரு எறியும் ஒவ்வொரு மாதிரி. “கையாலை எறியாத, கால் எறியட்டும்” என்று சேர் சொல்வது இதைத்தான்.

1996 இல் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்தோம். அக்கராயன், ஸ்கந்தபுரம் என்று மரநிழல்களில் பள்ளிக்கூடம் நடந்தது. சேர் முதிரைத் தட்டை உரப்பைக்குள் போட்டுச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

2002 இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 பாதை திறந்து, சனம் ஊருக்குத் திரும்பியபோது நான் சேருக்கு உதவியாகச் சின்னப் பிள்ளைகளைப் பழக்கிக்கொண்டிருந்தேன். மைதானம் துப்புரவாகியிருந்தது. அதன் இடப்பக்கத்தில் பற்றை, பற்றைக்கு முன்னால் மண்டையோடு கீறிய சிவப்புப் பலகைகள். பிந்தி விடுகிற தட்டு இடப்பக்கம்தானே போகும்? ஒருநாள் அப்படித்தான் போனது. பலகைக்கு அப்பால், கைத்தடியால் இழுத்து எடுக்கலாம் என்கிற தூரத்தில், காய்ந்த புல்லுக்குள் விளிம்பு தெரிந்தது. ஒரு பொடியன் உண்மையாகவே தடியை முறித்துக்கொண்டு நடந்தான். சேர் ஓடிப்போய் அவனுடைய சேட்டைப் பின்னால் பிடித்து இழுத்ததில் தெறி அறுந்து விழுந்தது. அவர் ஏசவில்லை. அவனைக் கட்டிப்பிடித்தபடி கனநேரம் நின்றார்.

அடுத்தநாளே வளையத்தைத் திருப்பிக் கீறினார். இடப்பக்கம் ரோட்டுப் பக்கமாகும்படி வைத்து, ரோட்டுக் கரையில் ஒருவனைக் காவலுக்கு நிறுத்தினார். சுழன்று எறிவதை நிறுத்திவிட்டு, பல மாதங்கள் எல்லோரையும் நின்றபடியே எறியவைத்தார். தட்டைப் பிறகு கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் எடுத்துத் தந்தார்கள். அந்த மாதங்களில் பழகிய பிள்ளைகளைப்போல ஒரே இடத்தில் விழ எறிந்தவர்களை நான் இன்றுவரை காணவில்லை.

2009 இல் அவரை இழந்தோம். அதைப்பற்றி இங்கே எழுத வரவில்லை.

இப்போது என் தங்கையின் மகள் எறிகிறாள். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் சேர்ந்து அவளுடைய பள்ளிக்கூடத்துக்குத் தட்டுகள் வாங்கி அனுப்பினார்கள். அன்போடு செய்த காரியம். இருப்பதில் விலை கூடியதாகப் பார்த்து வாங்கியிருக்கிறார்கள். விலை கூடிய தட்டு என்றால் விளிம்பில் பாரம் மிகக் கூடிய தட்டு. உலகப்போட்டிக்காரர் கையில் பறக்கிற அந்தத் தட்டு, பதினைந்து வயதுப் பிள்ளையின் விரலுக்குச் சுழன்றுகொடுக்க மறுக்கிறது.

“மாமா, கால் சரி, வளையத்தை விட்டு வெளியிலயும் போகேல்ல. பிறகேன் தட்டு இப்பிடி ஆடுது?” என்று கேட்டுத் தொலைபேசியை நீட்டினாள். மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். வளையம், கால், இடுப்பு எல்லாம் அழகு. கடைசி இடத்தில் உள்ளங்கை வானத்தைப் பார்த்துத் திரும்புகிறது, தட்டு நடுவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையால் கழன்று, மூக்கை உயர்த்திக்கொண்டு போகிறது. வலக்கைக்காரர் சரியாக விட்ட தட்டு, மேலிருந்து பார்த்தால், மணிக்கூட்டு முள்ளின் பக்கமாகச் சுழலும். அவளுடையதில் சுழற்சியே இல்லை என்று சொல்லலாம்.

“விரலைப் பார் பிள்ளை. உருட்டிப் பழகினனீங்களோ?”

“உருட்டுறதோ? அது சின்னப் பிள்ளையளுக்கெல்லோ?”

நாங்கள் கேட்டுக் கிடைக்காத கருவிகள் எல்லாம் அவளிடம் இருக்கின்றன. எங்களிடம் தாராளமாக இருந்த ஒன்று மட்டும் அவளுக்குக் கொடுக்கப்படவில்லை. கோட்டமட்டம், வலயமட்டம், மாகாணமட்டம் என்று போட்டிகள் நெருக்கி வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் சில வாரங்கள்தான். அந்தச் சில வாரத்தில் தூரத்தைக் கூட்டவே எல்லோரும் பார்க்கிறார்கள். வாய்க்கால் ஓரத்தில் தட்டு உருட்ட யாருக்கு மனம் வரும்?

என்னோடு அன்று உருட்டிய சிநேகிதன் கனடாவில் கோல்ஃப் அடிக்கிறான். நுவரெலியாவில் 1889 இலிருந்து கோல்ஃப் மைதானம் உண்டு என்றாலும் வன்னியில் நாங்கள் அந்த மட்டையைக் கண்ணால் கண்டதில்லை. அவனுக்கு அங்கே பயிற்றுநர் திருத்துகிற பிழை எது என்று கேட்டேன். மணிக்கட்டு மடிப்பை முந்தி அவிழ்க்கிறானாம். பந்தைத் தூக்கிவிட வேண்டுமென்ற அவசரத்தில், இடுப்பு திரும்ப முதல் கையால் மட்டையின் தலையை வீசிவிடுகிறான். அதனால் ஒரு பந்து வலம், ஒரு பந்து இடம். பந்தும் மட்டையும் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு செக்கனின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். பந்து எந்தப் பக்கம் கிளம்பும் என்பதைப் பெரும்பாலும் அந்த நேரத்தில் மட்டையின் முகம் பார்க்கும் திசை தீர்மானிக்கிறது. அதற்குள் கையால் எதையும் திருத்த முடியாது. ஆகவே அங்கேயும் கீழிருந்து தொடங்கச் சொல்கிறார்கள்: கால், இடுப்பு, தோள், கடைசியில் மணிக்கட்டு. ஒரு வித்தியாசம், நாங்கள் தட்டை விட்டுவிடுகிறோம், அவன் மட்டையைக் கையிலேயே வைத்துக்கொள்கிறான். “சேர் சொன்னதைத்தான் இஞ்ச காசு கட்டிக் கேக்கிறன்” என்றான். குரல் கொஞ்சம் தழுதழுத்தது.

காற்றைப் பற்றியும் சொல்லவேண்டும். நன்றாக விட்ட தட்டு, அளவான எதிர்க்காற்றில் கூடுதல் தூரம் போகும். காற்று அதை அடியிலிருந்து தாங்குகிறது. கிழக்கு ஜேர்மனியின் யூர்கன் ஷுல்ட் 1986 இல் எறிந்த 74.08 மீற்றர் ஏறக்குறைய 38 வருடங்கள் ஆண்களுக்கான உலக சாதனையாக இருந்தது. 2024 இல் லித்துவேனியாவின் மைக்கோலாஸ் அலெக்னா 74.35 மீற்றர் எறிந்து அதைக் கடந்தார். அடுத்த வருடம் 75.56 மீற்றர் எறிந்தார். இரண்டையும் எறிந்தது அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் றமோனா என்ற சிற்றூரில். தட்டெறிகிறவர்கள் அங்கே போவதே காற்றுக்காகத்தான். வன்னியில் வைகாசி தொடங்கினால் சோளகம் மாதக்கணக்காக வீசுகிறது. மைதானத்தில் அதை எதிர்கொண்டு எறியும்படி வளையத்தை அமைத்துப் பிள்ளைகளைப் பழக்கினால் என்ன? ஆனால் காற்று பிழையைப் பொறுக்காது. சுழற்சி இல்லாமல் மூக்கு உயர்ந்து போகிற தட்டை அப்படியே நிறுத்திக் கீழே போட்டுவிடும்.

பொறுப்பில் இருப்பவர்களிடம் நான் கேட்பது பெரிய செலவில்லாத விசயம். பயிற்சிக் கொப்பியில் ஆகக்கூடிய தூரத்தை மட்டும் எழுதாமல், ஒவ்வொரு எறியும் எந்த இடத்தில் விழுந்தது என்று கீறி வையுங்கள். பெரிய போட்டிகளில் மூன்று எறிதான் முதலில் கிடைக்கும். அதில் முன்னணிக்குள் வந்தால்தான் மேலும் எறியலாம். மூன்றையும் கோட்டுக்கு வெளியே எறிந்த பிள்ளையின் பலம் அங்கே கணக்கில் வராது. தொடங்கும் பிள்ளைக்கு விளிம்புப் பாரம் குறைந்த தட்டைக் கொடுங்கள். விலையும் அதுதான் குறைவு. உதவி அனுப்புகிறவர்கள் தயவுசெய்து இதையும் கேட்டு அனுப்புங்கள். வலைக்கூடு இல்லாத மைதானத்தில் சுழன்று எறியவிடாதீர்கள். பக்கத்தில் வரிசையில் நிற்பதும் எங்கள் பிள்ளைகள்தான்.

மருமகள் அந்த விலை கூடிய தட்டைச் சீலையில் சுற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் ஒதுக்கிப் போட்டிருந்த பழைய றப்பர் தட்டைக் கேட்டு வாங்கி, பின்னேரங்களில் தம்பியை எதிரே நிறுத்தி வளவுக்குள் உருட்டுகிறாள். தட்டு சரிந்தால் அவன்தான் முதலில் கத்துகிறான்: “சுண்டுவிரல், அக்கா!” வலயமட்டப் போட்டிக்குச் சுழலாமல் நின்றபடியே எறியப்போவதாகச் சொல்லியிருக்கிறாள். தூரம் குறையும் என்று அவளுக்குத் தெரியும்.