கோட்டுக்கு யார் பொறுப்பு?

கேள்வி: பாலம் கட்டும் எங்கள் வேலையில் 140 ரிஸ்க்குகளை எக்செலில் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, மஞ்சள், பச்சை கொடுத்துவிட்டோம். இதற்கு மேல் என்ன பாக்கி?
(திட்ட மேலாளர், திருச்சி)

பதில்: கோடுகள் பாக்கி. உங்கள் பட்டியலில் 17ஆவது வரி ‘கம்பி வந்து சேரத் தாமதம்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறம் மஞ்சள். 62ஆவது வரி ‘அஸ்திவாரக் குழியில் மழைநீர்’. அதுவும் மஞ்சள். கம்பி ஆறு வாரம் தள்ளிப்போனால் அஸ்திவார வேலை நேராக ஐப்பசி மழையில் போய் மாட்டும். குழியில் தண்ணீர் நின்றால் மண் சரியும், பம்ப் வாடகை ஏறும், அடுத்த வேலைக்கு வந்த கிரேன் சும்மா நிற்கும். இரண்டு மஞ்சள் சேர்ந்து ஒரு சிவப்பு ஆகிவிட்டது. பட்டியலோ அவற்றை 45 வரி தள்ளி உட்கார வைத்திருக்கிறது. கம்பிக்குக் கொள்முதல் பிரிவு பொறுப்பு, குழிக்கு சைட் இன்ஜினீயர் பொறுப்பு. கம்பியிலிருந்து குழிக்குப் போகும் கோட்டுக்கு யார் பொறுப்பு? அந்தப் பெயரை எழுதும்வரை உங்கள் பதிவேடு முடியவில்லை.

கேள்வி: நடக்கும் வாய்ப்பை 5-க்கும் பாதிப்பை 5-க்கும் மதிப்பிட்டுப் பெருக்குகிறோம். அது தவறா?
(தர ஆய்வாளர், ஓசூர்)

பதில்: முதல் சல்லடையாக உதவும், முடிவெடுக்கப் போதாது. 2008-ல் டோனி காக்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்தக் கட்டங்களைக் கணக்குப் போட்டு அலசினார். உண்மையில் சிறிய ஆபத்துக்குப் பெரிய ஆபத்தைவிடக் கூடுதல் மதிப்பெண் கிடைக்கும் சந்தர்ப்பங்கள் உண்டு என்று காட்டினார். எனக்கு அதைவிடப் பெரிய குறையாகப் படுவது வேறு. ஒவ்வோர் ஆபத்தும் உலகத்தில் தான் மட்டுமே இருப்பதுபோல் மதிப்பெண் வாங்குகிறது.

கேள்வி: தனித்தனியாகப் பார்த்தால் சாதாரணமானவை, சேர்ந்து பெரும் விபத்தானதற்கு ஓர் உதாரணம் தர முடியுமா?
(கல்லூரி ஆசிரியர், காரைக்குடி)

பதில்: வட கடலில், ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகருக்குச் சுமார் 190 கிலோமீட்டர் வடகிழக்கே இருந்த பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை. நாள் 1988 ஜூலை 6.

வாயுவிலிருந்து பிரியும் எரிதிரவத்தைத் தள்ள அங்கே இரண்டு பம்புகள். பகலில் ‘ஏ’ பம்பின் பாதுகாப்பு வால்வைப் பராமரிப்புக்காகக் கழற்றி, அந்த வாயைத் தகடு வைத்து மூடினார்கள். அதே பம்புக்கு ஓவர்ஹாலும் செய்வதாக இருந்தது. வால்வு வேலைக்கு ஒரு பெர்மிட், ஓவர்ஹாலுக்கு இன்னொரு பெர்மிட். இரவு ஒன்பதே முக்கால் வாக்கில் ‘பி’ பம்ப் நின்றது. மறுபடி ஓட மறுத்தது. இரண்டும் நின்றால் மேடையின் மின்சாரமே போய்விடும். இரவு ஷிஃப்ட்காரர்கள் ஓவர்ஹால் பெர்மிட்டைப் பார்த்தார்கள். வேலை இன்னும் தொடங்கவில்லை, ஆகவே ‘ஏ’ பம்பை ஓட்டலாம் என்று முடிவு செய்தார்கள். வால்வு பெர்மிட் அவர்கள் கண்ணில் படவில்லை. பம்பை ஓட்டியதும் தகட்டுப் பக்கம் கசிந்து, பத்து மணி அளவில் வெடித்தது.

தீயணைப்பு பம்புகள் தாமாக ஓடியிருக்க வேண்டும். கடலுக்குள் டைவர்கள் வேலை செய்ததால், பம்ப் அவர்களை உறிஞ்சிவிடக் கூடாதென்று கைமுறைக்கு மாற்றி வைத்திருந்தார்கள். எண்ணெய்க்காகக் கட்டிய மேடை அது. அதன் சுவர்கள் தீயைத் தாங்கும், வெடிப்பைத் தாங்காது. பிறகு வாயுவையும் கையாளத் தொடங்கினார்கள், சுவர்கள் பழையபடியே நின்றன. குழாயால் இணைந்த டார்ட்டன், கிளேமோர் மேடைகளோ பைப்பர் எரியத் தொடங்கிய பிறகும் உடனே உற்பத்தியை நிறுத்தவில்லை. 167 பேர் இறந்தார்கள். லார்ட் கல்லன் தலைமையிலான விசாரணை 1990-ல் 106 பரிந்துரைகளைத் தந்தது.

டைவரைக் காக்கப் பம்பைக் கைமுறைக்கு மாற்றியவரிடம் நல்ல நோக்கம்தான் இருந்தது. வால்வுக்குத் தனி பெர்மிட் எழுதியதும் முறைப்படிதான். ‘டைவர் தண்ணீரில்’ என்பதிலிருந்து ‘தீயணைக்க நீர் வராது’ என்பதற்கு ஒரு கோடு, ஒரு பெர்மிட்டிலிருந்து அடுத்த பெர்மிட்டுக்கு ஒரு கோடு: இவை அன்று இரவு யார் கண்முன்னும் இல்லை. ஆபத்தான வேலையை நடத்தும் எவரும் ஒருமுறையாவது இந்த விசாரணையின் கதையைப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: சரி, வரைகிறோம். எங்கே தொடங்குவது?
(சைட் இன்ஜினீயர், நாமக்கல்)

பதில்: ஒரு பெரிய தாளில். ஜெர்மானியரான ஃபிரெடரிக் வெஸ்டர் ‘காகிதக் கணினி’ என்று பெயரிட்ட முறை இது. முக்கியமான பத்து ரிஸ்க்குகளை இடப்பக்கம் மேலிருந்து கீழாக எழுதுங்கள். அதே பத்தை மேலே இடமிருந்து வலமாக எழுதுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே கேள்வி: இது நடந்தால் அது நேரடியாக எவ்வளவு பாதிக்கப்படும்? பாதிப்பே இல்லையென்றால் 0, கடுமை என்றால் 3.

நிரப்பி முடித்ததும் படுக்கை வரிசையைக் கூட்டுங்கள். அந்த ரிஸ்க் மற்றவற்றை எவ்வளவு தள்ளுகிறது என்று தெரியும். செங்குத்து வரிசையைக் கூட்டினால் மற்றவற்றால் அது எவ்வளவு தள்ளப்படுகிறது என்று தெரியும். அதிகம் தள்ளும், குறைவாகத் தள்ளப்படும் ரிஸ்க்கில் பணத்தைப் போடுங்கள், அங்கே போடும் ஒரு ரூபாய் பல இடத்தில் வேலை செய்யும். தள்ளாமல் தள்ளப்பட மட்டுமே செய்வது வெறும் அறிகுறி. அதைக் கண்காணிக்கலாம், அங்கே வைத்தியம் பார்த்துப் பயனில்லை. ‘திட்டத் தாமதம்’ பெரும்பாலும் இந்த வகைதான், நம் கூட்டங்களில் பாதி நேரத்தைத் தின்பதும் அதுதான். இரண்டு கூட்டலும் பெரிதாக வந்தால் அதை அவசரப்பட்டுத் தொடாதீர்கள், மொத்தமும் ஆடும்.

‘நேரடியாக’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். சுற்றிவளைத்து வரும் பாதிப்புக்கும் எண் போட்டால் எல்லாக் கட்டத்திலும் 2 வந்து உட்காரும்.

கேள்வி: 140 ரிஸ்க்குக்கும் இப்படிக் கட்டம் போடலாமா?
(மேலே கேட்ட திருச்சி மேலாளரே)

பதில்: பத்துக்கு 90 கட்டம். 140-க்கு 19,460 கட்டம். முதலில் பத்துப் பன்னிரண்டு குழுவாகச் சேருங்கள்.

கேள்வி: மென்பொருளில் போட்டேன். நூல்கண்டு சிக்கியதுபோல் வருகிறது. எந்த மென்பொருள் வாங்கலாம்?
(ஐ.டி. ஊழியர், சென்னை)

பதில்: வாங்கவே வேண்டாம். ஜெஃபி, கிராஃப்விஸ் இரண்டும் இலவசம். சிக்கலை உண்டாக்கியது மென்பொருள் அல்ல, 1 மதிப்புள்ள கோடுகள். 3 மதிப்புள்ளவற்றை மட்டும் விட்டு மற்றதை மறையுங்கள். மிஞ்சுவதில் எந்தப் பெட்டிக்குள் அதிகக் கோடு நுழைகிறது, எதிலிருந்து அதிகம் கிளம்புகிறது என்று பாருங்கள். ஒரு பக்கத்தில் அடங்காத படத்தை ரிவ்யூ மீட்டிங்கில் யாரும் படிக்க மாட்டார்கள்.

கேள்வி: எங்களிடம் எல்லாவற்றுக்கும் பேக்கப் இருக்கிறது. பிறகென்ன பயம்?
(தரவு மைய நிர்வாகி, பெங்களூரு)

பதில்: பேக்கப்பும் அசலும் எதையாவது பொதுவில் வைத்திருக்கின்றனவா? 1996 ஜூன் 4 அன்று முதல்முறையாகக் கிளம்பிய ஏரியான் 5 ராக்கெட்டில் திசை காட்டும் கருவி இரண்டு இருந்தது. இரண்டிலும் ஏரியான் 4-லிருந்து எடுத்த அதே மென்பொருள். புதிய ராக்கெட்டின் வேகத்தில் ஓர் எண் 16 பிட்டுக்குள் அடங்காமல் போனது. பேக்கப் நின்றது, அதே காரணத்தால் அசலும் நின்றது. கிளம்பி 40 விநாடிக்குள் ராக்கெட் சிதறியது. ஃபுகுஷிமாவில் 2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கத்தில் வெளி மின்சாரம் போனதும் டீசல் ஜெனரேட்டர்கள் ஒழுங்காக ஓடின. சுனாமி வந்தது. பெரும்பாலானவை கீழ்த்தளங்களில் இருந்ததால் அடுத்தடுத்து மூழ்கின.

உங்கள் படத்தில் ஒவ்வொரு பேக்கப்பிலிருந்தும் பின்னோக்கிக் கோடு போடுங்கள்: எந்த அறை, எந்தக் கேபிள், எந்த டீசல் டேங்க், எந்த ஒப்பந்தக்காரர். இரண்டு கோடு ஒரே பெட்டியில் முட்டினால் உங்களிடம் இருப்பது ஒரு பாதுகாப்புதான்.

கேள்வி: போ-டை படம் போதுமா?
(ரசாயன ஆலைப் பாதுகாப்பு அதிகாரி, கடலூர்)

பதில்: நல்ல படம். நடுவில் விபத்து, இடப்பக்கம் காரணங்கள், வலப்பக்கம் விளைவுகள், இடையிடையே தடுப்புகள். ஷெல் நிறுவனம் 1990களில் இதைப் பெரிய அளவில் கையில் எடுத்தது. ஆனால் ஒரு படத்துக்கு ஒரு விபத்துதான். உங்கள் ஒரே தீயணைப்பு பம்ப் ஐந்து படங்களில் ஐந்து தடுப்பாக நிற்கும். ஐந்தையும் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டி, அந்தப் பம்பை ஒரே நிறத்தில் வட்டமிடுங்கள்.

கேள்வி: ஐந்து வெண்டர்களும் 90 சதவீதம் நேரத்துக்குத் தருவோம் என்கிறார்கள். நம்பலாமா?
(கொள்முதல் மேலாளர், ஸ்ரீபெரும்புதூர்)

பதில்: ஐவரையும் நம்புங்கள், பிறகு பெருக்குங்கள். ஐவரும் ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாதவர்கள் என்றால், ஐந்து சரக்கும் நேரத்துக்கு வரும் வாய்ப்பு 59 சதவீதம். ஐந்தும் ஒரே துறைமுகம் வழியாக வருகின்றன என்றால் கணக்கே வேறு. நல்ல மாதத்தில் ஐந்தும் வரும், கெட்ட மாதத்தில் ஐந்தும் ஒன்றாக நிற்கும். கம்ப்யூட்டரில் ஆயிரக்கணக்கான முறை திட்டத்தை ஓட்டிப் பார்க்கும் மான்டி கார்லோ முறையிலும் இந்தத் தொடர்பைக் கொடுக்காவிட்டால், அந்தக் கெட்ட மாதம் உங்கள் வரைபடத்தில் தெரியவே தெரியாது.

கேள்வி: தாமதத்தைச் சரிக்கட்ட ஓவர்டைம் போட்டோம். இன்னும் தாமதமாகிவிட்டது. எப்படி?
(வெல்டிங் மேற்பார்வையாளர், ராணிப்பேட்டை)

பதில்: உங்கள் கோடு வட்டமாகத் திரும்பி வந்திருக்கிறது. தாமதம் ஓவர்டைமைக் கூட்டுகிறது. ஓவர்டைம் களைப்பை, களைப்பு தவறை, தவறு மறுவேலையை, மறுவேலை தாமதத்தை. இந்த வட்டத்தைக் கணக்கிட்டு நிரூபித்து பணமே வாங்கியிருக்கிறார்கள். அமெரிக்கக் கடற்படை டிசைனை மாற்றிக்கொண்டே இருந்ததால் வந்த சங்கிலி நஷ்டத்தைக் கேட்டு இங்கால்ஸ் கப்பல் கட்டும் நிறுவனம் வழக்காடியது. எம்.ஐ.டி.யில் ஜே ஃபாரஸ்டர் உருவாக்கிய சிஸ்டம் டைனமிக்ஸ் முறையில் மறுவேலைச் சுற்றை மாதிரியாகக் கட்டினார்கள். 1978-ல் 44.7 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. நீங்கள் செய்யக்கூடியது: எத்தனை மூட்டு மறுபடி வெல்ட் ஆகிறது என்று வாராவாரம் குறியுங்கள். அந்த எண் ஏறும்போது ஓவர்டைமைக் குறையுங்கள்.

கேள்வி: மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறேன். இதெல்லாம் எனக்கு உதவுமா?
(இல்லத்தரசி, கும்பகோணம்)

பதில்: நிச்சயமாக அம்மா. மண்டபம், சமையல், விருந்தினர் ரூம், மேளம், வேன் என்று எழுதி, ‘கரண்ட் போனால்’ என்பதிலிருந்து கோடு போடுங்கள். கிரைண்டர், தண்ணீர் மோட்டார், லிஃப்ட், மைக் எல்லாம் ஒரே ஜெனரேட்டரில் வந்து நிற்கும். அதற்கு டீசல் ஊற்றுவது யார் என்று மண்டபத்தாரிடம் இன்றே கேளுங்கள். மணமக்களுக்கு என் வாழ்த்துகள்.

கேள்வி: நான் ஜூனியர். ஓர் ஆபத்தான தொடர்பு எனக்குத் தெரிகிறது. மீட்டிங்கில் சொன்னால் ‘ஆதாரம் எங்கே’ என்கிறார்கள்.
(பயிற்சிப் பொறியாளர், ஊர் வேண்டாம்)

பதில்: 1986 ஜனவரி 27 இரவு சாலஞ்சர் விண்ஓடத்தின் பூஸ்டர் பொறியாளர்களிடமும் இதைத்தான் கேட்டார்கள். குளிரில் ரப்பர் வளையங்கள் சரியாக அடைக்காது என்று அவர்கள் எச்சரித்தார்கள், மறுநாள் காலை ஏவுவதை நிறுத்த முடியவில்லை. ஏழு பேர் இறந்தார்கள். வளையங்களில் சேதம் ஏற்பட்ட முந்தைய பயணங்களை மட்டும் வைத்து அந்தப் பொறியாளர்கள் வாதித்திருந்தார்கள். அப்படிப் பார்த்தால் குளிருக்கும் சேதத்துக்கும் தொடர்பு தெளிவாகத் தெரியாது. பிறகு வந்த விசாரணைக் குழு, சேதமே இல்லாத பயணங்களையும் சேர்த்து வெப்பநிலை வரிசையில் அடுக்கியது. ஏறக்குறைய 18 டிகிரி செல்சியஸும் அதற்குக் கீழும் ஏவிய நான்கிலும் சேதம். அதற்கு மேல் ஏவிய 20-ல் மூன்றில்தான் சேதம். சாலஞ்சர் கிளம்பியது சுமார் 2 டிகிரியில்.

அந்தப் பொறியாளர்கள் சொன்னது சரி. கேட்காதவர்கள்மேல்தான் பெரிய பிழை. இருந்தாலும் உங்கள் கையில் இருப்பது படம்தான், அதை முழுதாகப் போடுங்கள்: பிரச்சினை வந்த நாட்களோடு வராத நாட்களையும் சேர்த்து, நீங்கள் சந்தேகப்படும் காரணத்தின் வரிசையில். அடியில் தேதியும் உங்கள் பெயரும். கோட்டின் இரு முனைக்கும் பொறுப்பான இருவருக்கும் ஒரே மெயிலில் அனுப்பி, இருவரையும் ஒரே மேஜையில் அரைமணி நேரம் உட்காரச் சொல்லுங்கள். இந்த வாரமே.