புதுப் பேடுக்காரர்

வியாழக்கிழமை சாயங்காலம்தான் அவர் பிரேக் பேடு மாற்றுவார். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் நடை திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். வீட்டுக்காரம்மாவை விடிகாலையில் காரில் ஏற்ற வேறு சாக்கு கிடையாது.

பெரம்பலூரில் தெருவுக்கு ஒருவர் இப்படி உண்டு. வருஷம் முழுக்கச் சாதுதான். முன்சக்கரத்தில் புதுப் பேடு ஏறிவிட்டால் மட்டும் ஒரு வாரத்துக்கு விஞ்ஞானி. “ஓட்ட ஓட்ட செட் ஆயிடும்ணே, மொத 300 கிலோமீட்டர் அடிச்சுப் பிடிக்காதீங்க” என்று சொல்லித்தான் மெக்கானிக் சாவியைத் தருகிறார். வீட்டுக் காருக்கு அது போதும். ஆனால் 1953 லீ மான்ஸ் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் போட்ட ஜாகுவார் ஜெயித்த கதையை டீக்கடையில் விவரிக்கிறவருக்கு அது போதுமா?

அவர் சொல்வதும் பொய்யில்லை. புதுப் பேடு பழைய டிஸ்க்கில் முழுசாகப் படிந்து உட்காராது. சூடேறச் சூடேற, பேடிலிருந்து மெல்லிய படலம் டிஸ்க்கில் சீராகப் படியும். பிறகுதான் பிடிமானம் முழுசாக வரும். அதற்கு வேகத்தை 60-லிருந்து 20-க்கு இறக்க வேண்டும், நிறுத்தக் கூடாது, மறுபடி 60. பத்துத் தடவை.

ஆளில்லாத திருச்சி நான்குவழிச் சாலை. கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டு மிதிக்கிறார். அர்ச்சனைத் தேங்காய் சீட்டிலிருந்து உருண்டு விழுகிறது. அடுத்த மிதிக்கு எலுமிச்சம்பழங்கள்.

“ஏங்க, என்னமோ கருகுது.”

“பேடுல இருக்கற பிசின் சூடாகுது. அப்படித்தான் வரணும்!” முகத்தில் பிள்ளை பாஸான சந்தோஷம்.

கடந்து போகிற ஆம்னி பஸ் டிரைவர் ஒரு பார்வை பார்க்கிறார். காலங்காத்தாலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டான் என்று அதற்கு அர்த்தம்.

பத்தாவது மிதி முடியும்போது சிறுவாச்சூர். இங்கேதான் சிக்கல். கொதிக்கிற பிரேக்கை மிதித்தபடி நின்றால் பேடு டிஸ்க்கில் ஒரே இடத்தில் அப்பிக்கொள்ளும். பிறகு பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஸ்டியரிங் உதறும். பிரேக்கைத் தொடாமல் ஓடி ஆறவிடுவதுதான் முறை. கோயில் பிரிவு ஜன்னலில் வந்து ஜன்னலிலேயே போகிறது. வீட்டுக்காரம்மா கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். பாடாலூர் வரை போய்த்தான் வண்டி திரும்புகிறது.

இவ்வளவு வீரம் பேசுகிறவர் அரியலூர் என்றால் மட்டும் பதுங்குவார். ரெட்டிப்பாளையம், கோவிந்தபுரம் என்று சுற்றிலும் சிமென்ட் ஆலைகள்; சாலையெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரிகள். எப்போது மிதிப்பது என்பதை முன்னால் போகிற லாரியும், எவ்வளவு மிதிக்கலாம் என்பதைப் பின்னால் வருகிற லாரியும் முடிவு செய்யும். லீ மான்ஸில் இதற்கு விதி எழுதவில்லை.

அந்த அரியலூரிலிருந்துதான் மைத்துனர் போன் செய்கிறார்.

“மாமா, ஞாயித்துக்கிழம முகூர்த்தம். வண்டி வேணும்.”

“இன்னும் 180 பாக்கி இருக்கு மாப்ள. அது முடியாம வண்டிய வெளிய விட முடியாது.”

மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு மைத்துனர் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்: “அந்த நூத்தியெம்பது ரூவாய நான் ஜிபே பண்ணி விடட்டுமா மாமா?”