தலைநகரில் ரெஸ்யூம் எழுதுவது எப்படி?

தம்பி, பட்டம் வாங்கிவிட்டாய், வாழ்த்துகள். ரெஸ்யூம் பயிலரங்கில் உனக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று எனக்கும் தெரியும். ஒரு பக்கத்தைத் தாண்டாதே, எழுத்துப் பிழை விடாதே, பொய் எழுதாதே. 1990இல் தொடங்கிய டெக்னோபார்க் ஐ.டி. பூங்காவின் வாசலில் அந்தப் புத்திமதி ஒருவேளை உதவலாம். ஆனால் கழக்கூட்டத்தில் பஸ் ஏறி, திருவனந்தபுரம் ஸ்டாச்யூவில் தலைமைச் செயலகத்துக்கு முன்னால் இறங்குகிறாய் என்றால் அதையெல்லாம் மறந்துவிடு. இங்கே பாடத்திட்டம் வேறு. ஒவ்வொரு வரியாகச் சொல்கிறேன், குறித்துக்கொள்.

தந்தை பெயர். சம்பிரதாயத்துக்குக் கேட்கிறார்கள் என்று நினைக்காதே. செங்கன்னூர் எம்.எல்.ஏ. கே.கே. ராமச்சந்திரன் நாயர் 2018இல் காலமானார். அவருடைய மகனுக்குப் பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளர் வேலையை அமைச்சரவை தூக்கிக் கொடுத்தது. பணியில் இறந்த அரசு ஊழியரின் குடும்பம் தெருவுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட கருணை வேலை அது. எம்.எல்.ஏ. அரசு ஊழியர் அல்ல என்பதை 2021இல் உயர் நீதிமன்றம் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அரசுக்குப் புரியவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போய், 2024இல் அதே பதிலை வாங்கிக்கொண்டு திரும்பியது. உன் அப்பா சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறவரா? மேலே போ, இந்த வரியால் உனக்கு ஒரு பயனும் இல்லை.

கல்வித் தகுதி. மாநில அரசின் ஸ்பேஸ் பார்க் திட்டத்தில் ஸ்வப்னா சுரேஷ் என்பவர் வேலைக்குச் சேர்ந்தது பிரைஸ்வாட்டர்ஹவுஸ் கூப்பர்ஸ் என்ற பன்னாட்டு ஆலோசனை நிறுவனத்தின் வழியாக. அவர் காட்டியதாகச் சொல்லப்படும் பி.காம். சான்றிதழில் மகாராஷ்டிரத்தின் பாபாசாகேப் அம்பேத்கர் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தது. எங்களிடம் பி.காம். படிப்பே கிடையாது என்றது அந்தப் பல்கலைக்கழகம். இத்தனை கைகள் மாறியும் யார் கண்ணிலும் அது படவில்லை. 2020 ஜூலையில் தூதரகப் பார்சலில் 30 கிலோ தங்கம் பிடிபட்டு, அந்த வழக்கில் அவரும் சிக்கிய பிறகுதான் கண் திறந்தது. உன் சான்றிதழில் இனிஷியல் ஒன்று இடம் மாறியிருந்தால் மட்டும் வில்லேஜ் ஆபீசுக்கும் தாலுகா ஆபீசுக்கும் நடையாய் நடக்கவிடுவார்கள்.

தனித் திறமைகள். 2019 ஜூலையில் யூனிவர்சிட்டி கல்லூரிக்குள் ஒரு மாணவர் நெஞ்சில் கத்தி இறங்கியது. குற்றம் சாட்டப்பட்ட மாணவர் சங்க நிர்வாகிகள் யார் என்று பார்த்தால், போலீஸ் வேலைக்கு பி.எஸ்.சி. என்ற அரசுப் பணியாளர் தேர்வாணையம் போட்ட ரேங்க் பட்டியலில் ஒருவர் முதலிடம், இன்னொருவர் 28ஆம் இடம்! அடேயப்பா, என்ன படிப்பு! 2018இல் நடந்த அந்தத் தேர்வின்போது அவர்களுடைய எண்களுக்குக் குறுஞ்செய்திகள் வந்து குவிந்தது பிறகுதான் தெரிந்தது. பட்டியலிலிருந்து நீக்கினார்கள். கத்தியை எடுக்காமல் இருந்திருந்தால் இன்று காக்கி உடுப்பில் நின்று உன் பைக்கை மடக்கி லைசென்ஸ் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

முன் அனுபவம். அமைச்சர்களின் பெர்சனல் ஸ்டாஃபில் சேர். தேர்வு கிடையாது, ரேங்க் கிடையாது. இரண்டு வருடமும் ஒரு நாளும் தாக்குப்பிடித்தால் ஆயுள் முழுக்க ஓய்வூதியம். 2022இல் ஆளுநர் ஆரிஃப் முகம்மது கான் இதைக் கேள்வி கேட்டார். ஒன்றும் நடக்கவில்லை. எதற்கெடுத்தாலும் சட்டமன்றத்தில் மோதிக்கொள்ளும் இரண்டு முன்னணிகளும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சம்பந்திகள்.

பரிந்துரைப்பவர்கள். எல்லாவற்றிலும் முக்கியமான இடம், கவனமாகக் கேள். 2022 நவம்பரில் திருவனந்தபுரம் மேயரின் லெட்டர்பேடில் ஒரு கடிதம் வெளியே வந்தது. மாநகராட்சியில் 295 தற்காலிக வேலைகள் இருக்கின்றன, ஆட்களின் பட்டியலைத் தாருங்கள் என்று தன் கட்சியின் மாவட்டச் செயலாளருக்கு எழுதியதுபோல் இருந்தது. நான் எழுதவில்லை என்றார் மேயர். எனக்கு வரவில்லை என்றார் செயலாளர். யாரும் எழுதாத, யாருக்கும் வராத அந்தக் கடிதத்தைப் படித்ததும் ஊருக்குள் ஒருவர்கூட, 'சேச்சே, இங்கே அப்படியெல்லாம் நடக்காது' என்று சொல்லவில்லையே, அதுதான் தீர்ப்பு.

பொழுதுபோக்கு. முட்டிபோட்டு நகர்வது. சிரிக்காதே. 2021இல் பி.எஸ்.சி. ரேங்க் பட்டியலில் இருந்தும் வேலை கிடைக்காதவர்கள் தலைமைச் செயலகத்தின் முன்னால் சுடுகிற தாரில் முட்டியால் நகர்ந்தார்கள். பயிலரங்குக்காரர்கள் சொன்ன அத்தனையையும் செய்தவர்கள் அவர்கள். படித்தார்கள், எழுதினார்கள், ரேங்க் வாங்கினார்கள், காத்திருந்தார்கள். அதே மாதங்களில் அமைச்சரவை என்ன செய்தது தெரியுமா? தேர்வே எழுதாமல் சேர்ந்த தற்காலிக ஊழியர்களைக் கூட்டம் கூட்டமாக நிரந்தரமாக்கியது. உயர் நீதிமன்றம் தடை போட வேண்டியிருந்தது. 2024இல் போலீஸ் பட்டியலில் இருந்தவர்கள் 62 நாள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள், பட்டியல் காலாவதியாகிச் செத்தது. 2025இல் பெண் போலீஸ் பட்டியலில் இருந்தவர்கள் உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றினார்கள், அந்தப் பட்டியலும் செத்தது. 2020இல் எக்சைஸ் பட்டியல் காலாவதியானபோது செத்தது பட்டியல் மட்டுமல்ல. ஓர் இளைஞன் உயிரை விட்டான். இந்த வரியில் எனக்குக் கிண்டல் வரவில்லை.

இதெல்லாம் புதிது என்று நினைத்துவிடாதே. 1891இல் 10,028 பேர் கையெழுத்திட்டு திருவிதாங்கூர் மகாராஜாவுக்கு மலையாளி மெமோரியல் என்ற மனுவைக் கொடுத்தார்கள். உத்தியோகமெல்லாம் வெளியிலிருந்து வந்த தமிழ்ப் பிராமணர்களுக்கே போகிறது என்பது புகார். தமிழில் எழுதுகிறோம் என்பதற்காக அதை மறைத்துவிட முடியாது. கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் இந்த ஊர்ப் பேட்டையில் பிறந்த டாக்டர் பல்பு. மெட்ராஸில் மருத்துவம் படித்துவிட்டு வந்தவருக்கு ஈழவர் என்ற ஒரே காரணத்தால் திருவிதாங்கூர் வேலை தரவில்லை, மைசூர் தந்தது. 1896இல் 13,176 ஈழவர்களின் கையெழுத்தோடு மறுபடியும் மனு போட்டார். அன்று சாதியைப் பார்த்தார்கள். இன்று கொடியைப் பார்க்கிறார்கள். படிப்பை அன்றும் பார்க்கவில்லை.

நீயும் ஒரு மனு போடு. மகாராஜாவுக்கு அல்ல. 2005இலிருந்து தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, கட்டணம் பத்து ரூபாய். இந்த அலுவலகத்தில் தற்காலிகமாகச் சேர்ந்தவர்கள் யார் யார், விளம்பரம் எந்தத் தேதியில் வந்தது, எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், நேர்காணலில் உட்கார்ந்தவர்கள் யார், யாருக்கு எத்தனை மதிப்பெண் என்று கேள். ரெஸ்யூமை ஊரெல்லாம் அனுப்பி ஒருவரிடமிருந்தும் பதில் வராமல் உட்கார்ந்திருக்கிறாய் அல்லவா? முப்பது நாளுக்குள் பதில் சொல்லியே தீர வேண்டியவர்களுக்கு ஒரு தாள் அனுப்பு. வேர்க்கட்டும் அவர்களுக்கு.