வடகத்துக்குக் குடை

கேள்வி: கொல்லைக் கொய்யாவைக் கிளி தின்கிறது. மாடி வடகத்தைக் காக்கை கொத்துகிறது. பால்கனியில் புறா குடித்தனம். இப்போது தக்காளிச் செடிக்கு மயில் வேறு! எல்லாரையும் எப்படிக் காலி செய்வது?
- வாசகி, கோவை

பதில்: பழைய சி.டி.யைத் தொங்கவிடச் சொல்வார்கள். முதல் வாரம் பயப்படும். அடுத்த வாரம் அதில் முகம் பார்த்துச் சிறகு கோதும். உருப்படியானது வலைதான். பால்கனிக்குச் சந்துபொந்து விடாமல் நைலான் வலை அடியுங்கள். புறா முட்டையிட்டிருந்தால், குஞ்சு பறக்கும்வரை பொறுங்கள். கொய்யாவைப் பிஞ்சிலேயே பை போட்டுக் கட்டினால் பழ ஈயும் அண்டாது. எட்டாத உச்சிக்கிளைக் காய்களைக் கிளிக்கு எழுதிவைத்துவிடுங்கள். எப்படியும் நீங்கள் ஏறப்போவதில்லை.

வடகத்துக்குப் பாட்டி வைத்தியம்: நடுவில் கறுப்புக் குடையை விரித்து வையுங்கள். காக்கை கிட்டே வரத் தயங்கும். ஆனால் அமாவாசையன்று ‘கா, கா’ என்று வருந்தி அழைத்துச் சோறு வைத்துவிட்டு மறுநாள் குடையைக் காட்டினால், அது என்னதான் நினைக்கும்?

மயில்மேல் மட்டும் கை ஓங்காதீர்கள். மருதமலையான் வாகனம் என்பதற்காக அல்ல. அது 1963 முதல் தேசியப் பறவை. 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. உங்கள் தக்காளிச் செடி அதில் இல்லை.