தண்ணிக் கணக்கப்பிள்ளை

எங்கள் ஒழுங்கையில் விடியப்புறம் முதலில் கூவுவது சேவல் அல்ல, பரல். மூன்று மணி பத்துக்கு வெறும் பரலின் அடியில் தண்ணீர் 'தட தட' என்று விழத் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் குரல் உடைந்து 'கள கள' ஆகும். கடைசியில் வயிறு நிறைந்தவன் ஏப்பம் விட்டதுபோல ஒரு சத்தத்தோடு அடங்கும். படுத்தபடியே காதைக் கொடுத்தால் பரல் காலா, அரையா, முக்காலா என்று சொல்லிவிடலாம். மாத்தளைப் பக்கத்துப் பல்லேபொலவில் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகளுக்கு இந்த வித்தை வாய்ப்பாட்டுக்கு முன்பே வந்துவிடும்.

பெரியப்பா தண்ணீர் பிடிக்கிறார்.

அவருடைய வளவுக்குப் பின்னால் கிணறு இருக்கிறது. முன்னால் ஊர்த் தண்ணீர்ச் சங்கம் போட்ட குழாய் இருக்கிறது. அது பகலிலும் வரும், இரவிலும் வரும், திறந்தால் வரும். அந்த மூன்றாவது சேதிதான் அவர் மனதில் இன்னும் ஏறவில்லை. தண்ணீர் என்றால் அதற்கு ஒரு நேரம் இருக்க வேண்டும், அந்த நேரத்துக்கு நாம் காத்திருக்க வேண்டும், காத்திருப்பவர்களுக்குள் ஒரு சண்டை இருக்க வேண்டும். இவை இல்லாமல் வருவது தண்ணீரே இல்லை, ஏதோ கசிவு என்பது அவர் எண்ணம்.

சொந்தப் பெரியப்பா அல்லர், ஒழுங்கைக்கே பெரியப்பா. மாத்தளைச் சீமைத் தோட்டங்களில் கணக்கப்பிள்ளை என்று ஓர் உத்தியோகம் உண்டு. வேலை செய்கிறவர் அல்லர், தோட்டம் அவருடையதும் அல்ல. இரண்டுக்கும் நடுவில் கொப்பியோடு நிற்பவர். அந்தப் பொருத்தம் பார்த்து யாரோ இவருக்குத் 'தண்ணிக் கணக்கப்பிள்ளை' என்று பெயர் வைத்தார்கள். சிங்கள அயலவர்கள் 'வதுர மாத்தையா' என்பார்கள். அவர் காதில் விழும் தூரத்தில் இரண்டுமே மரியாதைப் பெயர்கள்தான்.

இந்த வகை மனிதர் கொழும்பிலும் சென்னையிலும் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். அங்கே அவர்களை யாரும் கவனிப்பதில்லை. தண்ணீர் கிடைக்கிற ஊருக்கு ஒருவர் வந்து சேர்ந்தால்தான் அவருடைய முழு அழகும் வெளியே வரும்.

சின்ன வயதில் கொழும்புப் புறக்கோட்டைக் கடையொன்றுக்கு வேலைக்குப் போனவர் அவர். குடியிருப்பு கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் ஒரு 'தோட்டம்'. எங்கள் பக்கம் தோட்டம் என்றால் கொக்கோ, மிளகு, தேயிலை. கொழும்புத் தோட்டத்தில் விளைவது மனிதர்கள் மட்டும். இரண்டு வரிசை அறைகள், நடுவில் ஒரு கான், மூலையில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு பைப். அந்தப் பைப்பின் பூர்வீகத்தைப் பெரியப்பா தன் வம்சக்கதைபோலச் சொல்வார்.

கொழும்புக்கு 1865-ல் மாநகர சபை வந்தது. நல்ல குழாய்த் தண்ணீர் வர இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. அதுவரை கிணறுதான், கிணற்றோடு வாந்திபேதியும்தான். 1886-ல் ஹங்வெல்லைக்கு அப்பால், வக் ஓயாவை மறித்துக் கட்டிய லபுகமை நீர்த்தேக்கத்திலிருந்து இரும்புக் குழாயில் தண்ணீர் நகரத்துக்கு வந்தது. பம்ப் இல்லை, எஞ்சின் இல்லை. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு, தன் பாரத்தாலேயே அத்தனை தூரமும் நடந்து வந்து மாளிகாகந்தை மேட்டுத் தாங்கியில் ஏறி உட்கார்ந்தது. முகத்துவாரப் பக்கத்துக்கு ஈலி ஹவுஸில் இன்னொரு தாங்கி. பகலில் பெரிய வீடுகளெல்லாம் குழாயைத் திறந்து வைத்திருக்கும்போது கடைக்கோடித் தோட்டத்துப் பைப்பில் காற்றுத்தான் வரும். ஊர் உறங்கிய பிறகு தாங்கி நிறையும், குழாயில் வேகம் ஏறும். ஆகவே பெரிய வீடு தூங்கினால்தான் தோட்டத்துப் பைப் கண் விழிக்கும். மூன்று மணி பத்தின் இரகசியம் இதுதான். பெரியப்பா கொழும்பை விட்டு வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. அவர் உடம்பு இன்னும் மாளிகாகந்தை நேரத்தில்தான் ஓடுகிறது.

அவருடைய அளவைகளும் அந்தக் காலத்தவை. லீற்றர் அவருக்குப் புரியாது. நாலு கலன் கொள்ளும் மண்ணெண்ணெய் டின், வாயில் குறுக்கே ஒரு மரக்கட்டை அடித்தது, அதுதான் அலகு. நாற்பத்துநாலு கலன் பரலுக்குச் சரியாகப் பதினொரு டின். 'சரியாக' என்ற சொல்லை அவர் சொல்லும்போது அந்தப் பரலைச் செய்தவனே கொட்டாஞ்சேனை டின்னை மனதில் வைத்துத்தான் செய்தான் என்று தோன்றும்.

பைப்படி நியாயங்களையும் அவரிடம்தான் கேட்க வேண்டும். வரிசையில் டின் நின்றால் ஆள் நின்றதாகக் கணக்கு. டின் இல்லாவிட்டால் செங்கல் செல்லும். செருப்பு செல்லுமா என்பதில் இரண்டு கட்சி உண்டு. ஒற்றைச் செருப்புச் செல்லாது, சோடியாக இருந்தால் செல்லும் என்பது பெரியப்பாவின் தீர்ப்பு. ஓட்டை டின் வைத்தவனுக்கு இடம் உண்டு, தண்ணீர் இல்லை. பிள்ளைத்தாய்ச்சிக்கு வரிசை கிடையாது. சாவீட்டுக்கு அன்று முழுக்க பைப் சொந்தம். சொல்லப்போனால் தோட்டத்தின் முப்பது குடும்பமும் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளாமல் வாழ்ந்தது இந்தச் சட்டப் புத்தகத்தால்தான். அதை ஒருவரும் எழுதவில்லை, ஒருவரும் மறக்கவுமில்லை.

வேறு ஊர்ப் பைப்புகளில் வேறு வழக்கு. கல்கத்தாவுக்கு 1870-ல் பல்டாவிலிருந்து வடிகட்டிய தண்ணீர் வந்தபோது ஆசாரக்காரர்களுக்குப் பெரிய சங்கடம் வந்ததாம். குழாய்த் திருகுக்குள் தோல் வளையம் இருக்கிறதே, அதைத் தொட்டு வரும் தண்ணீரைக் குடிக்கலாமா? கொட்டாஞ்சேனையில் இப்படிக் கேட்டிருந்தால் கேட்டவரின் டின் வரிசையின் கடைசிக்குப் போயிருக்கும்.

இந்தக் கொட்டாஞ்சேனைப் படிப்போடு ஊருக்கு வந்தவரிடம் எங்கள் தண்ணீர்ச் சங்கம் அகப்பட்டது. குழாய் போட்டு முடிந்த முதல் கூட்டத்தில், ஊற்றில் நீர் போதுமானது, நாள் முழுக்க விடலாம் என்றார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். பெரியப்பா எழுந்தார்.

"நாள் பூரா ஏன் விடணும்? காலையில ரெண்டு மணித்தியாலம் போதும்."

"ஐயா, தண்ணி இருக்கே."

"இருக்குன்னு விட்டா இல்லாமப் போகும். இல்லன்னு வச்சுக்கிட்டாத்தான் இருக்கும்."

இதைச் சிங்களத்திலும் சொல்ல முயன்றார். கூட்டம் சற்று நேரம் யோசித்துவிட்டு அடுத்த விசயத்துக்குப் போனது. தெருவுக்குக் கிடைக்காத இரண்டு மணித்தியால முறையை அன்றிலிருந்து அவர் தன் வீட்டுக்குள் அமுல்படுத்தினார். குழாயின் பித்தளைப் பிடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவர் நடந்தால் சாவிக்கொத்தும் அதுவும் உரசிக் கிணுகிணு என்று சத்தம் வரும். வீட்டுக்குள் யார் எதைச் செய்துகொண்டிருந்தாலும் அந்தச் சத்தம் கேட்டால் கையில் இருக்கும் செம்பைக் கீழே வைத்துவிடுவார்கள்.

வளவில் ஒன்பது பரல். ஒன்று குடிக்க, ஒன்று சமைக்க, ஒன்று விருந்தாளிக்கு, ஒன்று 'அவசரத்துக்கு'. மீதி ஐந்தும் அந்த அவசரத்துக்கு அவசரம் வந்தால் எடுக்க. அரிசி கழுவிய தண்ணீர் கறிவேப்பிலைக்கு, குளித்த தண்ணீர் வாழைக்கு, சட்டி கழுவியது தென்னைக்கு. மழைத் தண்ணீருக்கு மட்டும் அவர் கொப்பியில் இடமில்லை. வரிசையில் நிற்காமல் வந்ததாம். விருந்தாளிக்குக் குளிக்க இரண்டு வாளி. மூன்றாவது வாளி கேட்ட மருமகனைப் பற்றி இன்னும் பேச்சு இருக்கிறது.

ஒன்றை மட்டும் நான் சொல்லியாக வேண்டும். இத்தனை வருஷத்தில் பெரியப்பா ஒரு வாளி தூக்கி நான் பார்த்ததில்லை. பரலுக்குக் குழாயைப் பூட்டுவார், கொப்பியில் எழுதுவார், மேற்பார்வை செய்வார். பரலிலிருந்து குசினிக்கும், குசினியிலிருந்து வாழைக்கும் போவதெல்லாம் பெரியம்மாவின் இடுப்பில். நிருவாகம் அவருடையது, முதுகுவலி அவளுடையது.

பெரியம்மா மலைத் தோட்டத்தில் பிறந்தவள். மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்த கோப்பிக் காலத்துச் சனத்தின் வழி வந்தவள். அந்த நடையில் தாகத்தாலும் வாந்திபேதியாலும் வழியிலேயே விழுந்தவர்கள் கொஞ்சமல்ல. அவளுக்குத் தெரிந்த தண்ணீர் பீலித் தண்ணீர். பீலிக்குத் திருகு கிடையாது. மலையிலிருந்து இரவும் பகலும் கொட்டிக்கொண்டே இருக்கும். லயத்திலிருந்து பீலிக்கரைக்குக் குடத்தோடு இறங்குவது விளையாட்டு, நிறைகுடத்தோடு ஏறுவதுதான் சீவியம். தண்ணீர் குறையும் என்ற பயம் அவளுக்கு இல்லை. அதைத் தூக்க வேண்டுமே என்ற கவலைதான். கலியாணம் முடிந்த புதிதில் பெரியப்பா, "இப்பிடித் தொறந்து கெடந்தா வீணாப் போகாதா? யாரும் மூட மாட்டாங்களா?" என்று பீலியைப் பார்த்துக் கேட்டாராம். "மலைய யாருங்க மூடுறது?" என்றாளாம் இவள். அந்தக் கேள்விக்கு அவரிடம் இன்றுவரை பதில் இல்லை.

2019 ஜூலையில் சென்னையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் போனது. ஐம்பது வேகன், 25 இலட்சம் லீற்றர். பெரியப்பா அந்தப் பத்திரிகைப் பக்கத்தை வெட்டிக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டார். ஒரு கிழமை ஊரெல்லாம் காட்டினார். இரண்டு நாள் இருந்து கணக்குப் போட்டு ஒரு இலட்சத்து முப்பத்தேழாயிரம் டின்னுக்கு மேல் வந்தார். அந்த முகத்தில் கவலை இருந்தது உண்மை. அதற்கு அடியில் ஒரு திருப்தியும் இருந்தது.

பிறகு ஒரு வருஷம் எங்களுக்கே வந்தது. ஆவணியில் கிணறுகள் சேற்றைக் காட்டின, ஊற்றுச் சுருங்கிக் குழாய் நூலாக வந்தது, பிறகு நின்றது. ஒழுங்கை முழுவதும் பெரியப்பா வாசலில் வந்து நின்றது. ஒன்பது பரலும் தளும்பத் தளும்ப இருந்தன.

"கொஞ்சம் தாங்க பெரியப்பா."

"இப்பவேயா? இது பஞ்சமில்லப்பா. இது பஞ்சத்தோட ஆரம்பம்."

ஆனால் தண்ணீர்ப் பவுசர் வந்த நாளில் அவரைப் பார்த்திருக்க வேண்டும். சந்தியில் ஊரே வாளியும் கேனுமாக முட்டி மோதிக்கொண்டு நின்றபோது, பெட்டிபோட்ட சட்டையில் வந்து இறங்கினார். பத்து நிமிடத்தில் வரிசை. ஒற்றைச் செருப்புகள் அகற்றப்பட்டன. பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி முன்னுக்கு வந்தாள். ஓட்டை வாளியோடு வந்தவர் திருப்பி அனுப்பப்பட்டார். சிங்களமும் தமிழும் கலந்து அவர் போட்ட சத்தத்தில் ஒரு சண்டையும் நடக்கவில்லை, ஒரு துளியும் தரையில் சிந்தவில்லை. "மாத்தையா, நாளைக்கும் வாங்க" என்றான் பவுசர் சாரதி. அன்று இரவு பெரியப்பா சாப்பிடாமலே நிறைந்துபோய்ப் படுத்ததாகப் பெரியம்மா சொன்னாள்.

அந்தப் பஞ்சம் முடிகிறவரை ஒன்பது பரலில் ஒன்றுகூட ஒழுங்கைக்குத் திறக்கப்படவில்லை. பஞ்சம் தன் தகுதியை நிரூபிக்கவில்லை என்பது அவர் கட்சி.

மார்கழியில் மழை பிடித்தது. கூரையெல்லாம் அருவி. சுகாதாரப் பரிசோதகர் டெங்குச் சோதனைக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்தார். முதல் பரலுக்குள் டோர்ச் அடித்தார். ஆவணியில் பிள்ளைகளின் தாகத்துக்குக் கிடைக்காத தண்ணீரில் நுளம்புக் குடம்பிகள் தலைகீழாகத் தொங்கி நடனமாடிக்கொண்டிருந்தன. ஒன்பதையும் கவிழ்க்கச் சொன்னார். தொண்ணூற்றொன்பது டின். கொட்டுகிற மழையில் பெரியப்பா நின்று பார்த்துக்கொண்டிருக்க, பெரியம்மாவும் நாங்களும் ஒவ்வொன்றாகச் சாய்த்தோம். அது கானில் போன வேகத்தைப் பார்த்து அவர் கொப்பியை மூடினார்.

அன்று இரவு மூன்று பத்துக்குச் சத்தமில்லை. எனக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. ஒழுங்கையில் எல்லோருக்குமே கலைந்ததாக மறுநாள் சொன்னார்கள்.

நாலாம் நாள் திரும்பவும் 'தட தட' கேட்டது. காலையில் போய்ப் பார்த்தால், பரல்களின் வாயில் பெரியம்மாவின் பழைய சேலைத் துண்டுகளை இழுத்துக் கட்டியிருந்தார். உள்ளே பரலுக்கு இரண்டு கப்பி மீன். நுளம்புக் குடம்பியைத் தின்னுமாம். கொப்பியில் புதிதாக ஒரு நிரல் கீறி, மீன் என்று எழுதியிருந்தார். பெரியம்மா அரிசி கழுவச் செம்போடு வந்து சேலைத் துண்டை விலக்கினாள்.

"அதுல கை வைக்காத. மீன் பயந்துரும்."

அவள் செம்பைக் கீழே வைத்துவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.